கணினி இல்லாமல் கணினி அறிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு அட்டை, கயிறு, சாக்பீஸ், தராசு இவற்றை வைத்துக் கணினி அறிவியல் சொல்லித்தருகிறேன் என்றால் உடனே சில சந்தேகங்கள் கிளம்பும். பெற்றோர் கேட்பது ஒரு மாதிரி, ஆசிரியர்கள் கேட்பது ஒரு மாதிரி. ஆனாலும் சுற்றிச்சுற்றி வருவது இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் உள்ளவை தெரிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸா? அது எப்படிங்க?

ஒரு தகவலை எப்படிக் குறித்துவைப்பது, ஆயிரம் பொருளில் ஒன்றை எப்படிச் சீக்கிரம் தேடுவது, வழியில் கெட்டுப்போன செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒரு வேலையைச் சந்தேகத்துக்கு இடமில்லாத படிகளாக எப்படிப் பிரிப்பது. கணினி அறிவியலின் அடிப்படைக் கேள்விகள் இந்த மாதிரியானவை. இவற்றில் எதைக் கேட்பதற்கும் திரை வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

இது புதிய யோசனையும் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த டிம் பெல், அவருடன் மைக் ஃபெலோஸ், இயன் விட்டன் ஆகியோர் 1990களிலேயே இப்படிப்பட்ட செயல்பாடுகளைத் தொகுத்து 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' என்ற பெயரில் பரப்பினார்கள். இன்று பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் அட்டை விளையாட்டுகளில் பல அங்கிருந்து கிளைத்தவை. கீழே நான் சொல்லும் சிலவும் அப்படித்தான்.

அப்போ கோடிங் கிளாஸும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. கோடிங் என்பது ஒரு மொழியில் எழுதிக் கணினியை வேலை செய்ய வைப்பது. நாம் இங்கே செய்வது அந்த வேலைக்கு முன்னால் நடக்கும் யோசனை. கோடிங் மட்டும் கற்ற பிள்ளைக்கு 'திரும்பச் செய்' என்ற கட்டளை தெரிந்திருக்கும். எதைத் திரும்பச் செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டால் விழிக்கும். இதை மட்டும் கற்ற பிள்ளைக்கு யோசனை இருக்கும், கையில் கருவி இருக்காது. இரண்டும் வேண்டும். எதற்குப் பிறகு எது என்பதைக் கணினிக்குப் போகும் கேள்வியில் பார்க்கலாம்.

என் பொண்ணுக்கு அஞ்சு வயசுதான் ஆகுது. ரொம்ப சீக்கிரமோ?

ஐந்து வயதுக்கு ஏற்றது இருக்கிறது. தரையில் கட்டம் போட்டு 'முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு' என்று சொல்லி நடத்துவது, படங்களை எது முதலில் எது பிறகு என்று அடுக்குவது, பொத்தான்களை ஒரு விதிப்படி பிரித்துவைத்து 'நான் எந்த விதியில் பிரித்தேன்?' என்று கேட்பது. எட்டு வயது வாக்கில் தேடல், 0, 1 மட்டும் வைத்து எண் எழுதும் பைனரி, வரிசைப்படுத்தல் எல்லாம் நன்றாகப் போகும். பிழை கண்டுபிடிப்பது, பக்கத்துப் பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் வரைபடத்துக்கு நிறம் தீட்டுவது போன்றவை பத்து, பதினொன்றில் சுவைக்கும்.

வயதைவிட நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்கள். தன் முறை வரும்வரை காத்திருக்க முடிகிறதா? 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்டால் ஊகித்துச் சொல்லத் தோன்றுகிறதா? இரண்டும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

என்னென்ன பொருள் வாங்கணும்? லிஸ்ட் குடுங்களேன்.

கெட்டி அட்டை, ஸ்கெட்ச் பேனா, சாக்பீஸ், கயிறு, இரண்டு நிறப் பொத்தான்கள், கட்டம் போட்ட தாள், மூடியுள்ள ஒரே மாதிரி சிறு டப்பாக்கள் எட்டு, இரண்டு தட்டுத் தராசு ஒன்று. தராசு கிடைக்காவிட்டால் சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் பை தொங்கவிட்டால் போதும், எது கனம் என்று காட்டிவிடும்.

பெரிய வண்ணப் பெட்டியில் வரும் கிட்டுகளில் நல்லவையும் உண்டு. வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை: கையேட்டில் சொன்னபடி செய்து முடித்த பிறகு, அதில் இல்லாத ஒன்றைப் பிள்ளை தானாகச் செய்து பார்க்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அது ஒரு நாள் பொம்மை. அட்டைகளைப் பிள்ளைகளே வெட்டிச் செய்யட்டும். அடுத்த அட்டையில் என்ன வர வேண்டும் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடும், பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

முதல் நாள் எதுல ஆரம்பிக்கிறது?

எண் ஊகிக்கும் விளையாட்டு. 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஊகிக்கும், நீங்கள் 'இதைவிடப் பெரியது' அல்லது 'சிறியது' என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலில் 37, 82, 5 என்று மனம்போன போக்கில் வரும். விடுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் 50 என்று ஆரம்பிப்பார். 'ஏன் 50?' என்று அப்போது கேளுங்கள். நடுவில் வெட்டினால் ஒரே பதிலில் பாதி எண்கள் காணாமல் போகின்றன என்பதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த வகுப்பு அத்தோடு சரி.

அப்புறம் கணக்கு. 100 எண்களுக்கு அதிகபட்சம் 7 ஊகம். 1,000 எண்கள் என்றால் எத்தனை என்று கேட்டால் பெரும்பாலும் 70 என்று பதில் வரும். உண்மையில் 10 போதும். 10 லட்சம் எண்களுக்கு 20. எண்கள் பத்து மடங்கு கூடினாலும் வேலை மூன்று நான்கு ஊகம்தான் கூடுகிறது என்பது பெரியவர்களையே திகைக்க வைக்கும்.

இன்னொரு படியும் உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 15 எண் அட்டைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக் கவிழ்த்து வையுங்கள். கேட்ட எண் எங்கே இருக்கிறது என்று 4 அட்டைகளுக்குள் திருப்பிக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது அட்டைகளைக் குலுக்கி, மறுபடி கவிழ்த்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். அதே தந்திரம் படுத்துவிடும். 15 அட்டையையும் திருப்ப வேண்டிவரலாம். வரிசையில் இருந்தால்தான் பாதியாக வெட்ட முடியும். வரிசைப்படுத்தல் பற்றிய கேள்வி கீழே வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

பைனரி எப்படிச் சொல்லித்தர்றது? காலேஜ்ல எனக்கே புரிஞ்சதில்லை.

இரண்டால் வகுத்து மீதியைக் கீழிருந்து மேலாக எழுதும் முறையில் படித்திருப்பீர்கள். அதில் விடை வரும், காரணம் தெரியாது. அதைத் தொடவே வேண்டாம்.

ஐந்து அட்டைகள் எடுங்கள். ஒரு பக்கம் புள்ளிகள், மறுபக்கம் வெறுமை. புள்ளிகள் 1, 2, 4, 8, 16. ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்து, பார்ப்பவர்களுக்கு வலக்கோடியில் 1, இடக்கோடியில் 16 வரும்படி நிற்கட்டும். முதலில் நான்கு அட்டைகளைக் காட்டிவிட்டு ஐந்தாவதில் எத்தனை புள்ளி இருக்கும் என்று கேளுங்கள். பிறகு '9 புள்ளி மட்டும் தெரிய வேண்டும்' என்று சொல்லுங்கள். 8-ம் 1-ம் முகம் காட்டும், மற்றவை திரும்பும். தெரியும் அட்டைக்கு 1, தெரியாததற்கு 0 என்று எழுதினால் 01001. பைனரி அவ்வளவுதான்.

இனி கேள்விகளை அடுக்குங்கள். மிகப் பெரிய எண் எது? 31. ஒரே எண்ணை இரண்டு விதமாகக் காட்ட முடியுமா? முடியாது, ஆனால் 'முடியாது' என்று உடனே ஒத்துக்கொள்ளாமல் முயன்று பார்க்கட்டும். 0, 1, 2, 3 என்று வரிசையாக எண்ணும்போது யார் அதிகம் திரும்புகிறார்? 1 பிடித்திருப்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் திரும்பிக் களைத்துப்போவார், 16 பிடித்திருப்பவர் சும்மா நிற்பார். இதை உடம்பால் உணர்ந்தவர்களுக்கு இலக்கத்தின் இட மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகும்போது அட்டை வேண்டாம், விரல்கள் போதும். பெருவிரல் 1, அடுத்தது 2 என்று தொடங்கினால் ஒரு கையில் 31 வரை, இரு கையில் 1,023 வரை எண்ணலாம். பெரிய பிள்ளைகள் வகுப்பில் 4 வரும்போது நடுவிரல் மட்டும் நீட்டி நின்று சிரிப்பு எழும். விரல்களை மேசைமேல் ஊன்றிக் காட்டச் சொல்லிவிடுங்கள்.

எண் சரி. எழுத்து எப்படி உள்ள போகுது? தமிழ் எழுத்துமா?

எழுத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை மேலே சொன்னபடி பைனரியில் வைப்பார்கள். ஆங்கில 'ஏ' பெரிய எழுத்துக்கு 65. உலக மொழிகள் எல்லாவற்றுக்குமான யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், எல்லா இடமும் நிரம்பவில்லை. அதில் 'க' 2965.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. 247 எழுத்துக்கு 128 இடம் எப்படிப் போதும்? 'மி'க்குத் தனி எண் கிடையாது. 'ம'வுக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று. புள்ளிக்கும் தனி எண். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: 2980, 2990, 3007, 2996, 3021. அகரமேறிய மெய்களை அட்டையிலும், குறிகளைக் கண்ணாடித் தாளிலும் எழுதிக் கொடுத்து, அவரவர் பெயரைக் கட்டச் சொல்லுங்கள். எத்தனை துண்டு தேவைப்பட்டது என்று எண்ணட்டும். பல செயலிகளில் 'மி' என்று அடித்துவிட்டு அழிக்கும் பட்டனை ஒருமுறை தட்டினால் 'ம' மட்டும் மிஞ்சுவது ஏன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு கேள்வி மிச்சம் வையுங்கள்: 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் உள்ளே 'க' முதலிலும் கொம்பு பிறகும்தான் சேமிக்கப்படுகிறது. அப்படியானால் திரையில் இடம் மாற்றி வரைவது யார் வேலை?

ரோபோ விளையாட்டு வெச்சா பசங்க சிரிச்சிட்டுப் போயிடறாங்க. ஒண்ணும் கத்துக்கிட்ட மாதிரி தெரியலையே?

ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை கட்டளை கொடுப்பவர் என்ற விளையாட்டைச் சொல்கிறீர்கள். சொல்லச் சொல்ல நடந்தால் அது வெறும் விளையாட்டு. ரோபோ தவறான கட்டத்துக்குப் போனதும் கட்டளை கொடுப்பவர் வாயாலேயே திருத்திவிடுவார், பிழை எங்கே என்று யாரும் யோசிக்கத் தேவைப்படாது.

மூன்று விதிகள் சேர்த்துப் பாருங்கள். முழுக் கட்டளையையும் முதலிலேயே தாளில் எழுதி முடிக்க வேண்டும். ரோபோ எழுதியதை மட்டும் செய்ய வேண்டும், அனுமானிக்கக் கூடாது. சுவர் வந்தாலும் 'முன்னால் போ' என்றால் முட்டி நிற்க வேண்டும். தவறாகப் போனால் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றி, முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். மூன்றாவது விதிதான் உயிர். எந்த வரி என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு வரி முடிவிலும் ரோபோ எங்கே நின்றது, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று ஒப்பிட்டாக வேண்டும். நிரலாளர்கள் நாள் முழுக்கச் செய்வதும் அதுதான்.

பெரும்பாலான பிழை 'இடப்பக்கம் திரும்பு' என்பதில் வரும். திரும்புவது வேறு, நகர்வது வேறு. ரோபோவின் இடப்பக்கம் வேறு, பார்ப்பவரின் இடப்பக்கம் வேறு. குழம்பினால் கட்டளை எழுதியவரையே கட்டத்தில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 1967-ல் உருவான, பிள்ளைகளுக்கான நிரல் மொழி லோகோவின் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் சொன்ன வழி இது: லோகோ கட்டளைப்படி தரையில் ஊரும் ஆமை ரோபோவை எப்படி நகர்த்துவது என்று தெரியாவிட்டால், நீயே ஆமையாகி நடந்து பார். சதுரம் ஒன்றை நடந்து முடித்த பிள்ளை 'முன்னால் போ, திரும்பு' என்பதை நான்கு முறை எழுதச் சலித்துக்கொள்ளும். 'நான்கு முறை செய்' என்ற கட்டளையை அப்போது கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

வரிசைப்படுத்தறதுக்கு ஏன் இவ்வளவு பில்டப்? எங்க பையன் எண்ணெல்லாம் சரியா அடுக்கிடுவான்.

அடுக்கிவிடுவான், கண்ணால் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்ப்பதால். கணினிக்கு அந்தக் கண் இல்லை, ஒரு நேரத்தில் இரண்டை ஒப்பிடத்தான் தெரியும். அதற்காகத்தான் டப்பாவும் தராசும். எட்டு டப்பாவிலும் வெவ்வேறு அளவு மணல் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே தெரியக் கூடாது, கையில் தூக்கிப் பார்க்கவும் கூடாது. தராசை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று ஒருவர் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும்.

மிச்சமிருப்பதில் மிகக் கனமானதைத் தேடித்தேடி ஒதுக்கினால் 7+6+5+4+3+2+1, ஆக 28 ஒப்பீடு. அடுத்து வேறு வழி: இரண்டிரண்டாக அடுக்கு, இரண்டு ஜோடியைச் சேர்த்து நான்காக்கு, இரண்டு நான்கைச் சேர்த்து எட்டாக்கு. சேர்க்கும்போது இரு வரிசையின் முதல் டப்பாக்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். இதற்கு அதிகபட்சம் 17. பதினாறு டப்பா என்றால் 120-க்கு எதிராக 49. ஒரே வேலை, ஒரே தராசு. போன வழிதான் வேறு. 'வேகமான கணினி' என்றால் விலை உயர்ந்த கணினி என்று நினைத்திருந்த பிள்ளைக்கு இது புது விஷயம்.

நிறையப் பேர் இருந்தால் தரையில் ஓடவும் விடலாம். நான்கு பேர் எண் அட்டையோடு வரிசையாக நிற்கட்டும். சந்திக்கும் இருவரில் சிறிய எண் இடப்பக்க இடத்துக்கும் பெரியது வலப்பக்க இடத்துக்கும் போக வேண்டும். முதல் சுற்றில் 1, 2-ஆம் இடங்களும் 3, 4-ஆம் இடங்களும் சந்திக்கும். இரண்டாம் சுற்றில் 1, 3-ம் 2, 4-ம். மூன்றாம் சுற்றில் நடுவிலுள்ள 2, 3 மட்டும். எப்படிக் கலைத்து நிறுத்தினாலும் ஐந்து ஒப்பீட்டில் வரிசை வந்துவிடும். ஒரே சுற்றில் இரண்டு சந்திப்பு ஒரே நேரத்தில் நடப்பதால் மூன்று சுற்று நேரம்தான் ஆகிறது. பல வேலையாள் இணைந்து கணக்கிடுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஏதோ மேஜிக் மாதிரி ஒண்ணு செய்வாங்களாமே, கவிழ்த்த அட்டையைக் கண்டுபிடிக்கிறது?

அது பிழை கண்டறியும் பாடம். இருபுறமும் வேறு நிறமுள்ள அட்டைகளை ஒரு பிள்ளை 5-க்கு 5 கட்டமாக இஷ்டப்படி பரப்பட்டும். 'இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குகிறேன்' என்று சொல்லிவிட்டு நீங்கள் ஆறாவது வரிசையும் ஆறாவது பத்தியும் சேர்ப்பீர்கள். உண்மையில் ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் சிவப்பு இரட்டைப்படையாக வரும்படி வைக்கிறீர்கள். நீங்கள் முதுகைக் காட்டி நிற்கும்போது யாராவது ஓர் அட்டையைத் திருப்புவார். ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒற்றைப்படை ஆகியிருக்கும், இரண்டும் வெட்டும் இடத்தில் குற்றவாளி. ரகசியத்தை உடனே சொல்லாதீர்கள். ஒரு வாரம் தாங்கும்.

சொன்ன பிறகு உடைக்கப் பார்க்கட்டும். ஒரே வரிசையில் இரண்டைத் திருப்பினால் பிழை உண்டு என்பது தெரியும், எந்த வரிசை என்பது தெரியாது. செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் திருப்பினால் ஒன்றுமே தெரியாது. பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இத்தகைய குறியீடுகளை முறையாக வகுத்து ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் கட்டுரை வெளியிட்டார்.

அப்படியே வீட்டிலுள்ள புத்தகத்தின் பின்னட்டைக்குப் போங்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணின் 13 இலக்கங்களை மாற்றிமாற்றி 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் வகுபடாது. அடுத்தடுத்த இரு இலக்கங்களை இடம் மாற்றினாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 என்றால் மட்டும் தப்பிவிடும். எந்த ஜோடி தப்பும் என்பதை நீங்கள் சொல்லாமல் தேட விடுங்கள்.

படங்களை எப்படி விளக்குறது?

இது எளிது. கட்டத் தாளில் ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு வரியையும் 'வெள்ளை 4, கறுப்பு 3, வெள்ளை 1' என்று எண்களாக எழுதி, பக்கத்து அறையிலுள்ள நண்பருக்கு வாயால் அனுப்ப வேண்டும். ஃபேக்ஸ் இயந்திரங்கள் பக்கத்தைச் சுருக்கி அனுப்பியதும் இதே யோசனையில்தான். கறுப்பும் வெள்ளையும் கட்டத்துக்குக் கட்டம் மாறும் படத்தை அனுப்பினால் சுருங்குவதற்குப் பதில் செய்தி நீண்டுபோகும். அதையும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

என் பையனுக்குக் கணக்குன்னாலே பயம். அவனுக்கு இது ஒத்து வருமா?

வரும். கூட்டல் தெரிந்தால் பைனரி அட்டைக்குப் போதும். ரோபோவுக்கும் தராசுக்கும் அதுகூட வேண்டாம். ஆரம்பத்தில் 'இது கணக்கு' என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள்.

வகுப்புல நாப்பது பேர். தராசு ஒண்ணுதான். எப்படிச் சமாளிக்கிறது?

எட்டுப் பேர் முன்னால் நின்று செய்ய முப்பத்திரண்டு பேர் வேடிக்கை பார்ப்பதுதான் இந்த முறையின் பெரிய ஆபத்து. பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த அசைவு என்ன என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட்ட பிறகே முன்னால் நிற்பவர் நகர வேண்டும். தராசுக்குப் பதிலாக நான்கு பேருக்கு ஒரு கவிழ்த்த அட்டைக் கட்டு. நான்கில் ஒருவர் 'நடுவர்': அட்டையை அவர் மட்டும் பார்ப்பார், இரண்டைக் காட்டி எது பெரியது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்வார். தராசு செய்யும் வேலையை அவர் செய்துவிடுகிறார்.

வீட்டில் ஒரே பிள்ளை என்றால் நீங்கள்தான் ரோபோ, நீங்கள்தான் நடுவர். ரோபோவாக இருக்கும்போது மனமிரங்கிச் சரியான கட்டத்துக்குத் தாவிவிடாதீர்கள்.

கண் தெரியாத பிள்ளையைச் சேர்த்துக்க முடியுமா?

முடியும். திரையில் நடக்கும் பாடத்தைவிட இதில் சுலபம். அட்டையின் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. புள்ளிக்குப் பதில் ஒட்டிய பொத்தான். தரைக் கட்டத்துக்குச் சாக்பீஸுக்குப் பதில் கயிறு. தராசு விளையாட்டில் மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தால் எல்லாரும் ஒரே நிலையில் நிற்பார்கள்.

மைக்ரோபிட், ரோபோ கிட் இதெல்லாம் எப்ப வாங்கலாம்?

அட்டையில் செய்த ஒன்றை இயந்திரத்தில் செய்து பார்க்கும் ஆசை பிள்ளைக்கு வந்த பிறகு. பிபிசி 2016-ல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையில் 5-க்கு 5 என 25 விளக்குகள் இருக்கின்றன. ஒரு வரிசை விளக்கை ஐந்து பைனரி அட்டைகளாகவும், மொத்தத்தையும் கட்டத் தாள் படமாகவும் பயன்படுத்தலாம். தொடர்பு தானாக விழுந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. சக்கரம் வைத்த ரோபோ கோணலாகப் போனால் தப்பு கட்டளையிலா, பேட்டரியிலா, தரையிலா என்று தெரியாது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இது வீண் சோர்வு. மனித ரோபோவில் பிழை எப்போதும் தாளில்தான் இருக்கும், அதனால் அதை முதலில் வைக்கிறேன்.

சரி, கடைசியா கம்ப்யூட்டர் முன்னாடி எப்ப உட்கார வைக்கிறது?

பலர் நினைப்பதைவிடச் சீக்கிரம். படிக்கும் பிள்ளை என்றால் அட்டையில் செய்த அதே வாரத்தில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-ல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த ஸ்கிராட்ச், கட்டளைக் கட்டைகளைத் திரையில் அடுக்கி நிரல் எழுதும் மொழி. எண் ஊகிக்கும் விளையாட்டை அதில் சில கட்டைகளை அடுக்கிச் செய்துவிடலாம். படிக்கப் பழகாத சிறு பிள்ளைகளுக்கு எழுத்தில்லாப் படக் கட்டைகளோடு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது.

இடைவெளி விட்டால் இரண்டும் வெவ்வேறு பாடமாகிப் போகும். தராசில் அருமையாக வரிசைப்படுத்திய பிள்ளை நிரலில் அதையே செய்யச் சொன்னால் புதிதாகக் கேட்பதுபோல் பார்க்கும். 'தராசு இங்கே எது? டப்பாவை வைத்த இடம் இங்கே எது?' என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கணினியே தொடாமல் வருடம் முழுக்க அட்டையிலேயே ஓட்டுவதை நான் ஆதரிப்பதில்லை.

நல்லா விளையாடறாங்க. புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

செய்த அதையே திரும்பக் கேட்டால் நினைவாற்றல்தான் தெரியும். ஒரு விதியை உடைத்துக் கேளுங்கள். '4 புள்ளியுள்ள அட்டை தொலைந்துவிட்டது, எந்தெந்த எண்களைக் காட்ட முடியாது?' பைனரி புரிந்த பிள்ளை 4, 5, 6, 7 என்று தொடங்கி, நான்கு நான்காக விட்டுவிட்டு வருகிறது என்பதைப் பிடித்துவிடும்: 12 முதல் 15, 20 முதல் 23, 28 முதல் 31. 'ஊகிக்கும் விளையாட்டில் நான் ஒரு முறை பொய் சொல்லலாம் என்றால் என்ன செய்வாய்?' என்பதும் நல்ல கேள்வி. விடை சரியா தப்பா என்பதைவிட, 'அப்போ ஒவ்வொரு கேள்வியையும் திரும்பக் கேட்கணுமா?' என்ற மாதிரி ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள்.

இப்பதான் ஏஐயே கோட் எழுதுதே. இதெல்லாம் இனி எதுக்கு?

எழுதிக் கொடுத்தது சரியா என்று யார் பார்ப்பது? மேலே ரோபோ விளையாட்டில் சொன்ன, வரிக்கு வரி ஒப்பிடும் பழக்கம்தான் அதற்கு வேண்டும். அந்தத் தேவை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏஐயையும் கையால் செய்து காட்டலாம். இரண்டு செடி வகைகளின் இலைகளைப் பொறுக்கி வந்து, 'நுனி கூர்மையா?', 'ஓரம் பல் பல்லாக இருக்கிறதா?' என்று ஆம், இல்லை கேள்விகளால் ஒரு கிளை மரம் வரையச் சொல்லுங்கள். பிறகு வேறு குழு கொண்டுவந்த, முன்பு பார்க்காத இலைகளை அந்த மரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு வகையில் பெரிய இலைகளை மட்டும் பொறுக்கியிருந்தால் 'பெரியதா?' என்ற கேள்வியே எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கும், புதிய சிறு இலையில் மரம் தப்பாகச் சொல்லும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. கொடுத்த மாதிரிகள் அப்படி.

கம்ப்யூட்டரால எல்லாமே முடியும்னு என் பொண்ணு நம்பறா. முடியாதது ஏதாவது காட்ட முடியுமா?

முடியும். பெரிதிலிருந்து சிறிதாக அட்டை வட்டுகள் வெட்டி, மூன்று இடங்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1883-ல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார்டு லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரம் இது. ஒரு முறைக்கு ஒரு வட்டுதான் நகரலாம், சிறியதன்மேல் பெரியது அமரக் கூடாது. முழு அடுக்கையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மூன்று வட்டுக்கு 7 நகர்வு, நான்குக்கு 15, ஐந்துக்கு 31. பைனரி அட்டை செய்தவர்கள் இந்த எண்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது 64 வட்டு. நொடிக்கு ஒரு நகர்வு என்றால் சுமார் 58,500 கோடி ஆண்டுகள். 'கம்ப்யூட்டர் வேகமா செய்யுமே' என்று சொல்வாள். சரி, நொடிக்கு 100 கோடி நகர்வு செய்யும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சுமார் 585 ஆண்டுகள் ஆகும். இயந்திரத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும், அடுக்கில் ஒரே ஒரு வட்டு கூடினால் அந்த லாபம் முழுவதும் போய் மறுபடி 585-க்கே வந்துவிடும்.